ஒலி முந்தட்டும், ஒளி பின்னே வரட்டும்

நாலந்தா என்ற பெயரைக் கேட்டதும் கற்றறிந்தோரின் நினைவு வட இந்தியாவுக்கே விரையும். பிகாரிலே ஓங்கி நின்ற அந்த மகா விகாரையைத் தேடி, 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் என்னும் சீனத் துறவி பாலைகளையும் பனிமலைகளையும் கடந்து வந்தார். ஆசிரியர் இருக்கும் இடத்தை நாடி மாணவன் நடந்த காலம் அது.

நமது நாட்டிலும் ஒரு நாலந்தா உண்டு. மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் ஏ-9 வீதியில், மலைச்சாரல் தாழ்ந்து வரண்ட நிலம் தொடங்கும் இடத்தில் அது இருக்கிறது. இத்தீவின் நடு மையம் இதுவே என்று சொல்லும் வழக்கமும் உண்டு. அங்கே கெடிகே என்னும் பழைய கற்கோயிலைக் காணலாம். பல்லவர் சிற்ப முறையைத் தழுவி எழுந்த இந்தப் பௌத்தக் கட்டடம் 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென ஆராய்ச்சியாளர் கருதுவர். மகாவலித் திட்டத்தின்கீழ்ப் போவத்தன்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது இக்கோயில் நீரில் அமிழ்ந்துவிடும் நிலை நேர்ந்தது. ஆகவே அதனைக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டு நிலத்துக்குக் கொண்டுசென்று, முன்னிருந்த ஒழுங்கிலேயே அடுக்கி, 1980ஆம் ஆண்டளவில் மீண்டும் நிறுவினார்கள். இந்தச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்றுப் பின்னர் ஓரிடத்தில் அது நமக்கு உதவும்.

மாணவன் ஆசிரியரைத் தேடி நடந்த காலம் போய், பாடம் மாணவனைத் தேடி வரும் காலம் இன்று வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் காரணமாக நாட்டிலுள்ள பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. அவ்வாண்டின் க.பொ.த. உயர்தரப் பரீட்சை ஒக்டோபருக்குத் தள்ளிப்போயிற்று. சாதாரண தரப் பரீட்சையோ 2021 மார்ச்சில்தான் நடந்தேறியது. 2022இலே எரிபொருள் தட்டுப்பாட்டினால் வகுப்பறைகள் மறுபடியும் வெறிச்சோடின. அந்நாட்களில் கரும்பலகைக்கு முன்னே நின்று பழகிய ஆசிரியர்கள் பலர் மடிக்கணினியின் முன்னே அமர்ந்தனர். திரையில் தோன்றும் படத்தையும் தங்கள் குரலையும் சேர்த்துப் பதிவு செய்து, வாட்ஸ்அப் வழியாகவும் யூடியூப் வழியாகவும் மாணவர்க்கு அனுப்பலாயினர். நோய் தணிந்தது, பாடசாலைகள் திறந்தன. எனினும் அந்தப் பழக்கம் மறையவில்லை. மறையவும் கூடாது. தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் மலைநாட்டுப் பாடசாலைகளுக்குப் போதிய அளவில் கிடைப்பதில்லை என்பது யாவரும் அறிந்த குறை. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஒரு நல்லாசிரியர் பதிவு செய்த பாடம் நாலந்தாவிலும் இறத்தோட்டையிலும் உள்ள ஒரு பிள்ளையின் கையை அடையுமாயின், அது சிறு காரியமன்று.

ஆயினும் அடைந்தால் மட்டும் போதுமா? அடைந்தது விளங்க வேண்டாமா? கணினித் திரையைப் பதிவு செய்யும்போது ஒலியையும் காட்சியையும் சீர்செய்துகொள்வது எவ்வாறு என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஓர் எழுத்து தவறினால்

பௌதிகவியல் பாடம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். "ஒளியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீற்றர், ஒலியின் வேகம் வளியிலே செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்" என்று ஆசிரியர் சொல்கிறார். தமிழிலே இவ்விரு சொற்களையும் பிரித்துக் காட்டுவது ஓர் எழுத்தே. லகரமும் ளகரமும் காதுக்கு வேறுபட்டுக் கேட்டால் பாடம் விளங்கும். கேளாவிட்டால் இரண்டும் ஒன்றாய்விடும். வளி, வழி, வலி என்ற மூன்றும் அப்படியே. காற்றையும் பாதையையும் நோவையும் பிரிப்பது நாவின் நுனி தொடும் இடம் ஒன்றுதான்.

லகரம், ளகரம், ழகரம் ஆகியவற்றின் வேறுபாடு குரலின் எந்தப் பகுதியில் தங்கியிருக்கிறது என்பதை ஒலிநூலார் அளந்திருக்கின்றனர். செக்கனுக்கு 2,000 முதல் 3,000 அதிர்வுகள் வரையுள்ள பகுதியிலேயே அது பெரிதும் தங்கியிருக்கிறது. நம் பாடப் புத்தகங்கள் இந்த அதிர்வுக் கணக்கை மீடிறன் என்று கூறும். அதன் அலகு ஹேர்ட்ஸ். துணியால் மூடுண்ட மைக், பேசுவோரைவிட்டுத் தொலைவில் உள்ள மைக், அளவு மீறிச் சுருக்கிய ஒலிக்கோப்பு ஆகியவை முதலில் பறிகொடுப்பது இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளையே. குரல் கேட்கும், சொல் கேட்காது.

இவ்வாறு நேரும்போது பெரியவர் ஒருவர் "பதிவு சரியில்லை" என்று சொல்லிவிடுவார். பிள்ளை அப்படிச் சொல்லாது. ஆசிரியர் சொல்வதில் பிழை இருக்கும் என்று நினைக்க அதற்குத் துணிவில்லை. இரண்டு முறை கேட்டும் விளங்காவிடில், குறை தன்னிடமே என்று முடிவு செய்துகொள்ளும். "எனக்குப் பௌதிகம் வராது" என்ற எண்ணம் ஒரு மைக்கின் குறையினால் ஒரு பிள்ளையின் மனத்தில் விழுமாயின், அது எத்துணை அநியாயம்!

இடி மின்னலின்போது ஒளி முந்தும், ஒலி பிந்தும். அது இயற்கையின் ஒழுங்கு. திரைப் பதிவிலோ இந்த ஒழுங்கை நாம் மாற்றியமைக்க வேண்டும். ஒலியை முதலில் கவனித்து, காட்சியைப் பின்னர் கவனிப்பதே முறை. இதனை நேயர்கள் எளிதில் சோதித்தறியலாம். பதிவான ஒரு பாடத்தில் படத்தை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். பாதிக்கு மேல் விளங்கும். குரலை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள், பெரும்பாலும் விளங்காது. நம் வானொலி வெறும் ஒலியைக் கொண்டே பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கல்வி ஒலிபரப்பு நடத்தியது இந்த உண்மையின் பலத்தினால் அன்றோ?

எந்த வாயிலால் ஒலி நுழைகிறது?

திரையைப் பதிவு செய்யும் மென்பொருளுக்குள் ஒலி புகுவதற்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று கணினி தானே எழுப்பும் ஒலி. மற்றது மைக் வழியே வரும் நம் குரல். பதிவு தொடங்குமுன் எந்த வாயிலைத் திறப்பது, எதை அடைப்பது என்று முடிவு செய்தல் வேண்டும். வெறும் விளக்கவுரைக்குக் குரல் மட்டும் போதும். கணினியில் ஓடும் ஒரு காணொளியை மாணவர்க்குக் காட்ட வேண்டுமாயின் இரண்டும் வேண்டும். அப்போது கணினியின் ஒலிபெருக்கியை நிறுத்திக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுதல் அவசியம். அன்றேல் ஒலிபெருக்கியின் ஓசை மைக்குக்குள்ளும் புகுந்து, ஒரே சொல் இரண்டு முறை ஒலிக்கும்.

அடுத்து, எந்த மைக் என்பது. மடிக்கணினிக்குள் ஒன்று இருக்கும். செருகிய ஹெட்போனில் இன்னொன்று இருக்கும். நாம் ஹெட்போன் மைக்கில் பேசிக்கொண்டிருக்க, கணினி தன் சொந்த மைக்கினால் கேட்டுக்கொண்டிருப்பது அடிக்கடி நிகழும் விபரீதம். ஆகவே அமைப்புகளைத் திறந்து மைக்கின் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்க. பின்னர் மைக்கை விரல் நகத்தினால் மெல்லச் சுரண்டுக. திரையிலுள்ள அளவுகோல் துள்ளினால் அதுவே நாம் விரும்பிய மைக்.

கைத்தொலைபேசியிலேயே பதிவு செய்வோரும் உளர். அண்ட்ரொய்டின் 11ஆம் பதிப்பு 2020இல் வெளிவந்தபோது, திரைப் பதிவு அதனுள்ளேயே அமைந்திருந்தது. மைக்கா, தொலைபேசியின் ஒலியா, இரண்டுமா என்று அது கேட்கும். ஐபோனிலே பதிவுப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால்தான் மைக்கைத் திறக்கும் வழி தோன்றும். இதை அறியாமல் ஒரு மணி நேரம் பேசி, ஊமைப் படத்தைப் பெற்றோர் பலர்.

ஒரு சாண் தூரம்

விலையுயர்ந்த மைக் வாங்க வேண்டுமா என்று கேட்போருக்கு நமது விடை, முதலில் தூரத்தைக் குறையுங்கள் என்பதே. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டித்தால் மைக்கை அடையும் ஒலியின் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆனால் சுவரிலே பட்டுத் திரும்பும் எதிரொலி அப்படிக் குறைவதில்லை. தூரத்திலிருந்து பேசுவோர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்பதற்குக் காரணம் இதுவே. சாதாரண ஹெட்போன் ஒன்றின் மைக் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தால், இரண்டு முழத்துக்கு அப்பாலுள்ள சிறந்த மைக்கைவிட நன்றாகக் கேட்கும். மூச்சுக் காற்று நேரே மோதாதிருக்க, அதனைக் கன்னப் பக்கமாகச் சற்று ஒதுக்கி வைத்தல் நலம்.

இனி அளவுகோல். பதிவு மென்பொருளில் குரலின் உரப்பைக் காட்டும் கோடு ஒன்று ஆடும். அதன் உச்சி சைபர் டெசிபெல். அந்த உச்சியை எட்டிய ஒலியின் தலை வெட்டுண்டுபோகும். வெட்டுண்டதை எந்த வித்தையினாலும் முழுதாக ஒட்டவைக்க இயலாது. மெலிந்த குரலையோ ஓரளவு உயர்த்திக்கொள்ளலாம். ஆயின் அதனோடு இரைச்சலும் உயரும். இயல்பாகப் பேசும்போது உச்சங்கள் சைபருக்குக் கீழே 12 முதல் 6 டெசிபெல் வரை எட்டுவது நன்று. 2012ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ஓபிஎஸ் மென்பொருளில் இக்கோடு பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறமாய் இருக்கும். குரல் பெரும்பாலும் மஞ்சளில் நின்று, இடையிடையே சிவப்பின் வாசலைத் தொட்டு மீளட்டும். சிவப்பின் எல்லையில் போய் முட்ட விடலாகாது.

குரலைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு சில கணினிகளில் உண்டு. அது நாம் பேசாது நிற்கும் வேளையில் மின்விசிறியின் இரைச்சலைத் தூக்கிக் காட்டும். இயலுமாயின் அதனை நிறுத்திவிடுதல் நன்று.

இரைச்சலும் அதற்கு மருந்தும்

நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுகள் கொண்ட ஆடலோட்டம். தரமற்ற மின்கம்பியோ மின்னேற்றியோ மைக்கை அண்டியிருந்தால் "ம்" என்ற ஓயாத ரீங்காரம் பதிவிலே புகும். மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிவிட்டுப் பேசிப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான். குளிர்சாதனப் பெட்டியும் மின்விசிறியும் அடுத்த குற்றவாளிகள்.

ஏ-9 போன்ற பெருவீதிகளின் ஓரத்தில் வசிப்போர்க்கு இன்னொரு தொல்லை உண்டு. தம்புள்ளைச் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றிய லொறிகள் இரவிலும் ஓயா. லொறியின் உறுமல் தாழ்ந்த மீடிறன் உடையது. ஆதலால் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைத் தடுக்கும் வடிகட்டி அதனை ஓரளவு அடக்கும். குரலுக்கு அதிகம் சேதம் வராது. தகரக் கூரையின் மேல் விழும் மழையோ அப்படியன்று. அது எல்லா மீடிறன்களிலும் பரவிய இரைச்சல். அதனை வடிகட்டப் புகுந்தால் குரலும் கூடவே வடிந்துபோகும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாத்தளைப் பக்கத்தில் பிற்பகல் மழை வழக்கமானது. அதற்கு ஏற்ற மருந்து மென்பொருளில் இல்லை, விடியற்காலையில் இருக்கிறது. காலை வேளையில் பதிவு செய்தல், சன்னலுக்குத் திரையிடுதல், சுவரோரம் மெத்தையோ கம்பளியோ தொங்கவிடுதல் ஆகியவை செலவில்லாத வழிகள். அலுமாரியில் தொங்கும் உடைகளை நோக்கியிருந்து பேசினால்கூட எதிரொலி கணிசமாகக் குறையும்.

இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள் வடிகட்டிகளில் ஒன்றைப் பற்றித் தமிழர் தனியே எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். குரல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் கதவைச் சாத்துவது போல ஒலியை முற்றாக அடைத்துவிடும் வடிகட்டி அது. பேசும்போது நம் குரல் ஒவ்வொரு சொல்லின் ஈற்றிலும் தாழ்வது இயல்பு. கதவு அவ்விடத்திலேயே விழுந்தால் ஈற்றெழுத்து உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன: இச்சொற்களில் ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்பதெல்லாம் ஈற்றிலே அல்லவா இருக்கின்றன? நமது இலக்கணம் கடைசியில் வைத்ததை இந்த வடிகட்டி முதலில் விழுங்கிவிடும். ஆதலால் அதன் எல்லையை மிகவும் தாழ்த்தி வைத்தல் வேண்டும். பேசும் அறை அமைதியானதாயின் அதனை விட்டே விடலாம்.

கெடிகே கற்பிக்கும் பாடம்

முன்னர்ச் சொன்ன கெடிகேயின் கதை இப்போது உதவிக்கு வருகிறது. கணினி நம் குரலை அப்படியே வாங்கி வைப்பதில்லை. அதனைச் சிறு சிறு துண்டங்களாக அளந்தெடுத்து எண்களாக்கி வைக்கிறது. கேட்பவரிடத்தில் அத்துண்டங்கள் அதே ஒழுங்கில் அடுக்கப்பட்டு மீண்டும் குரலாகின்றன. ஒரு செக்கனுக்கு எத்தனை துண்டங்கள் வேண்டும்? மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் ஒலியைச் சிதையாமல் திரும்பப் பெற அதன் உச்ச மீடிறனைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்தெடுக்க வேண்டும் என்பதை, நைக்விஸ்ட் முதலியோர் வகுத்த வழியில் 1949ஆம் ஆண்டில் ஷனன் என்னும் அமெரிக்க அறிஞர் நிலைநாட்டினார். அதனால்தான் 1982இல் வந்த இசைத்தட்டுக்கு 44,100 என்றும், காணொளிக்கு 48,000 என்றும் கணக்கு அமைந்தது.

இங்கே நாம் செய்யவேண்டியது ஒன்றே. கணினியின் ஒலி அமைப்பிலும் பதிவு மென்பொருளிலும் ஒரே எண்ணை, அதாவது 48,000 என்பதை, வைத்தல் வேண்டும். பிரித்தவன் ஒரு கணக்கிலும் அடுக்குபவன் வேறொரு கணக்கிலும் வேலை செய்தால் கோயில் எழும்புமா? கணக்கு மாறுபட்டால் குரலில் கரகரப்புத் தோன்றலாம், கீச்சிடலாம், அல்லது நேரம் செல்லச் செல்லப் படமும் குரலும் விலகிப்போகலாம். சுட்டி ஒரு வரியைக் காட்ட, குரல் வேறொரு வரியை விளக்கிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சிறு அமைப்பு உண்டு. அதன் பலனோ பெரிது. சில மைக்குகளின் ஒலி இடப்பக்கத்துக் காதில் மட்டும் பதிவாகும். ஒரே ஹெட்போனின் ஒரு முனையை அண்ணனும் மறுமுனையைத் தங்கையும் காதில் வைத்துக்கொண்டு கற்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. இடப்பக்க முனை கிடைத்த பிள்ளை பாடம் கேட்கும். வலப்பக்க முனை கிடைத்த பிள்ளை மௌனத்தைக் கேட்கும். மென்பொருளில் "மோனோ" என்னும் ஒற்றையொலி அமைப்பைத் தெரிவு செய்துவிட்டால் இரு காதுக்கும் ஒரே குரல் பங்கிடப்படும்.

இனிக் காட்சிக்கு வருவோம்

ஒலி சீரான பின்னர் ஒளியைக் கவனிப்போம். முழுத் திரையையும் பதிவு செய்வதா, ஒரு சாளரத்தை மட்டுமா என்பது முதற் கேள்வி. பாடத்துக்கு ஒரு சாளரமே பெரும்பாலும் போதும். முழுத் திரையையும் பதிவு செய்தால், நடுவிலே வந்து விழும் குடும்பச் செய்திகளும் வங்கி அறிவித்தல்களும் ஊரார் கண்ணுக்குப் போய்ச் சேரும். எவ்வாறாயினும் பதிவு தொடங்குமுன் அறிவித்தல்களை அடக்கி வைத்தல் விவேகம்.

அடுத்தது எழுத்தின் அளவு. மாணவர் பலர் பார்ப்பது உள்ளங்கை அளவான தொலைபேசித் திரை. ஆங்கில எழுத்தைப் போல நம் எழுத்துச் சிறுமையைத் தாங்காது. எழுத்துச் சிறுத்தால் முதலில் மறைவது புள்ளி. புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். னகரத்துக்கும் ணகரத்துக்கும் இடையே ஒரு சுழிதான் வேறுபாடு, அச்சுழியும் கலங்கிப்போகும். ஆகவே ஒரு பக்கத்தில் ஏழெட்டு வரிகளுக்கு மேல் எழுதாமல், 28 புள்ளிக்குக் குறையாத எழுத்தைக் கையாள்வது நலம். 1,920க்கு 1,080 என்ற பெரிய அளவைவிட 1,280க்கு 720 என்ற அளவில் பெரிய எழுத்தால் எழுதுவது சிறிய திரைக்கு உகந்தது.

மூன்றாவது, செக்கனுக்கு எத்தனை படம் என்பது. திரைப்படம் செக்கனுக்கு 24 படங்களால் ஓடுகிறது. விளையாட்டைப் பதிவு செய்வோர் 60 படம் வேண்டுவர். நின்ற பக்கத்தில் சுட்டி நகர்வதைக் காட்டும் பாடத்துக்கு 10 அல்லது 15 படம் தாராளமாகப் போதும். இது கணினியின் உழைப்பைக் குறைக்கும். பழைய கணினி மூச்சுத் திணறினால் படம் மட்டுமன்றிக் குரலும் இடையிடையே அறுந்துபோவதுண்டு.

இதிலே பணக் கணக்கும் இருக்கிறது. 40 நிமிடப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். செக்கனுக்குக் காட்சிக்கு 2,500 கிலோபிட்டும் ஒலிக்கு 160 கிலோபிட்டும் ஒதுக்கினால் கோப்பு ஏறத்தாழ 800 மெகாபைட் ஆகும். காட்சிக்கு 500, ஒலிக்கு 64 என ஒதுக்கினால் ஏறத்தாழ 170 மெகாபைட்டில் முடிந்துவிடும். அசையாத பக்கங்களைக் கொண்ட பாடத்துக்கு இரண்டுக்கும் கண்ணில் படும் வேறுபாடு சிறிதே. கூலி வேலை செய்யும் தந்தை டேட்டாவுக்குக் கொடுக்கும் பணத்தில் உள்ள வேறுபாடோ ஐந்து மடங்கு. அந்த 170 மெகாபைட்டில் குரலின் பங்கு 20 மெகாபைட்டுக்கும் குறைவு என்பதையும் கவனிக்க. செலவைக் குறைக்க விரும்புவோர் காட்சியைக் குறைக்கட்டும். குரலில் கை வைக்க வேண்டாம். அக்குரலை மட்டும் தனிக் கோப்பாகவும் அனுப்பிவைத்தால், அலைவரிசை மெலிந்த மலைப் பகுதிப் பிள்ளையும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாடத்தைக் கேட்கும்.

மின்சாரம் நின்றுவிட்டால்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரமின்றி இருந்ததை எவரும் மறந்திரார். பதிவு செய்துகொண்டிருக்கையில் கணினி திடீரென அணைந்துபோனால் அதுவரை பேசியது என்னவாகும்? அது கோப்பின் வகையைப் பொறுத்தது. வழக்கமான எம்பி4 கோப்பு தன் பொருளடக்கத்தைக் கடைசியில்தான் எழுதும். பாதியில் நின்றால் பொருளடக்கம் இராது, கோப்பும் திறவாது. எம்கேவி என்னும் வகையோ அவ்வப்போதே எழுதிக்கொண்டு போவது. எந்த நிமிடத்தில் நின்றாலும் அந்த நிமிடம் வரையுள்ள பாடம் பெரும்பாலும் தப்பிவிடும். எனவே எம்கேவியில் பதிவு செய்து, முடிந்த பின்னர் எம்பி4 ஆக மாற்றிக்கொள்வது பாதுகாப்பான வழி. ஓபிஎஸ் மென்பொருளிலேயே அவ்வாறு மாற்றும் வசதி உண்டு. தரத்தில் குறைவு வாராது. சில கணங்களில் முடிந்துவிடும்.

அரை நிமிடச் சோதனை

இவ்வளவும் செய்த பின்னர் எஞ்சியிருப்பது ஒன்று. அதனைச் செய்யாதவர்க்கு மற்றவை எல்லாம் செய்தும் பயனில்லை. பாடத்தைத் தொடங்குமுன் அரை நிமிடம் மட்டும் பதிவு செய்தல் வேண்டும். அந்த அரை நிமிடத்தில் ஒலி, ஒளி. வலி, வளி, வழி. வந்தான், வந்தாள், வந்தார் என்ற சொற்களை இயல்பான குரலில் சொல்லுக. திரையிலே ஒரு வரி எழுதி, சுட்டியால் காட்டுக. பின்னர் அப்பதிவை நல்ல கணினியில் போட்டுப் பார்க்காமல், வீட்டிலுள்ள மிகப் பழைய தொலைபேசிக்கு அனுப்பி, முற்றத்துக்குச் சென்று கேட்டுப் பார்க்க வேண்டும். சொல்லுக்குச் சொல் பிரிந்து கேட்கிறதா? புள்ளி தெரிகிறதா? இரு காதிலும் வருகிறதா? வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் அதனிடம் கொடுத்து, கேட்டதை எழுதச் சொல்வது இன்னும் சிறந்தது. ஒலி என்று சொன்ன இடத்தில் ஒளி என்று எழுதினால், அது பிள்ளையின் பிழையன்று என்று தெளிந்து, மைக்கை நகர்த்தி மறுபடியும் பதிவு செய்க.

மாணவ நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவான பாடம் கேட்காவிடில், விளங்கவில்லை என்று மனம் சோர்ந்து மூடிவிடாதீர்கள். "ஐயா, பத்தாவது நிமிடத்தில் குரல் தெளிவில்லை", "டீச்சர், எழுத்துச் சிறிதாக இருக்கிறது" என்று பணிவோடு தெரிவியுங்கள். நல்லாசிரியர் எவரும் அதற்காகக் கோபிக்கமாட்டார். வகுப்பறையிலே உங்கள் முகத்தைப் பார்த்து அறிந்துகொண்டதைக் கணினியின் முன்னே அமர்ந்த ஆசிரியர் நீங்கள் சொன்னால் அன்றி அறிய மாட்டார். இந்த அமைப்புகளில் ஆசிரியரைவிடக் கைதேர்ந்த மாணவர் பலர் இருப்பார்கள். அவர்கள் ஒரு மாலை வேளையில் ஆசிரியருக்குத் துணை நின்றால், அந்த உதவி பல வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

பதிவு செய்ய அமரும் ஆசிரியர்க்கோ நாம் வேண்டுவது சுருக்கமானது. திரையின் அழகுக்கும் முகப்புப் படத்துக்கும் செலவிடும் நேரத்தில் பாதியைக் குரலுக்குச் செலவிடுங்கள். உங்கள் முகத்தை நேரில் காணாத பிள்ளைக்கு நீங்கள் என்பது அக்குரல் ஒன்றே.